மூணு வேன் போதும்

நர்மதா: ...சிரிக்காதடா அருளு. பட்டு வேட்டி கட்டிக்கிட்டு அரும்பாவூர் பஸ் ஸ்டாப்புல நிக்கிற மொத மாப்பிள்ளை நீதான்.

அருள்முருகன்: நான் எங்கக்கா சிரிச்சேன்? வெயிலு... கண்ணு கூசுது.

நர்மதா: ஒன் நிச்சயத்துக்கு ஒன்னையே உட்டுட்டு எல்லா வேனும் பொண்ணு ஊரு திருமானூருக்குக் கெளம்பிடுச்சு. கூசத்தான் செய்யும்.

அருள்முருகன்: மாப்பிள்ளை அடுத்த வேன்ல வரான்னு ஒவ்வொருத்தரும் நெனச்சிருப்பாங்க. கெளம்புற அவசரம்...

நர்மதா: சரி. வேன் பேசுனது யாரு?

அருள்முருகன்: நான்தான்.

நர்மதா: எத்தனை பேருக்கு?

அருள்முருகன்: நாப்பது.

நர்மதா: ஒரு வேனுக்கு?

அருள்முருகன்: பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு ஆளு ஏத்த மாட்டேன்னு டிரைவரு மொதல்லயே சொல்லிட்டாரு.

நர்மதா: வகுத்துச் சொல்லுங்க வாத்தியாரே.

அருள்முருகன்: மூணு... மீதி நாலு.

நர்மதா: அந்த மீதி நாலை என்ன பண்ணுன?

அருள்முருகன்: ...விட்டுட்டேன்.

நர்மதா: விட்டுட்ட! முட்டாயப் பங்கு போட்டு மீந்தா டப்பாவுல போட்டு மூடலாம். ஜாக்கெட்டு தெச்சு மீந்தா பிட்டுத் துணிய மூலையில வீசலாம். ஆளு மீந்தா?

அருள்முருகன்: இன்னொரு வேன் பேசணும்.

நர்மதா: தெரியுதுல்ல? பெரம்பலூரு டியூஷன்ல ஆறாங்கிளாஸுக்கு தெனம் இதத்தான நடத்துற? "மீதி எவ்ளோன்னு சொன்னாப் போதாது, மீதி என்னான்னு யோசி"ன்னு தொண்டை கிழியக் கத்துவியாம். என் மவ வூட்டுல ஒன்னை மாதிரியே நடிச்சுக் காட்டுறா.

அருள்முருகன்: சின்னத் தப்புக்கா. சித்தப்பாவும் சின்னம்மாவும் டிவிஎஸ்ல கெளம்பிட்டாங்கல்ல. நாம ரெண்டு பேருதான...

நர்மதா: நாம ரெண்டு பேருதான்னு எவ்ளோ ஈஸியா சொல்ற! நாமன்னா அதுல ஒண்ணு மாப்பிள்ளைடா.

அருள்முருகன்: பஸ்ஸுல போயிடலாம்.

நர்மதா: ரெண்டு பஸ்ஸு போயிடுச்சு. ஒண்ணுல கூட்டம்ன. இன்னொண்ணுல டயரு தேஞ்சிருக்குன்ன... இரு, அம்மா கூப்பிடுது. சொல்லும்மா... ஆங், நான் பஸ்ஸுல வந்துடுறேன்... என்னாது? தட்டு எல்லாத்தையும் வேன்லதாம்மா வெச்சேன். சீட்டுக்கு அடியில பாரு... ம்... சரி, வை.

அருள்முருகன்: எங்க இருக்காங்களாம்?

நர்மதா: அரியலூரு தாண்டிட்டாங்களாம். வெத்தலைத் தட்டைக் காணோமாம். மூணு வேனையும் ஓரங்கட்டித் தேடிட்டாங்களாம்.

அருள்முருகன்: என்னைக் கேட்டுச்சா?

நர்மதா: இல்ல.

அருள்முருகன்: தட்டைத் தேடுறாங்க, என்னைத் தேடல.

நர்மதா: தட்டுன்னா எண்ணித்தான் ஆகணும். நீ எங்க போயிடப் போற... ஏண்டா, ஒண்ணு கேக்கவா? கணக்கு தப்பாயிடுச்சா? இல்ல, தப்பாப் போட்டியா?

அருள்முருகன்: என்னக்கா பேசுற...

நர்மதா: அருளு.

அருள்முருகன்: ...வேணும்னேதான் போட்டேன்.

நர்மதா: ம்.

அருள்முருகன்: தரகரு சின்னதுரை அங்க என்ன சொல்லி வெச்சிருக்காருன்னு தெரியுமா? நான் கவர்மென்ட் ஸ்கூல் வாத்தியாராம். அந்தப் பொண்ணோட அப்பா போன்ல, "சார், ஸ்கூல் லீவா சார்"ங்கிறாரு. எனக்கு வாயே வரல.

நர்மதா: வாய் வரலன்னு வேனைக் கொறச்சியா?

அருள்முருகன்: நேரத்துக்கு மாப்பிள்ளை வரலன்னா அவங்களே நிறுத்திடுவாங்க. யாருக்கும் சேதாரம் இல்ல.

நர்மதா: அட அட அட! இதுலயும் மீதிய உட்டுட்டியேடா. அந்தத் தமிழ்மொழிப் பொண்ணு தலை கொள்ளாத பூவோட ஊரு முன்னாடி வந்து உக்காருவா. நீ வரலன்னா ஊரு ஒன்னையா பேசும்? "பொண்ணுகிட்ட என்ன கொறையோ, மாப்பிள்ளை ஓடிட்டான்"னு அவளத்தான் பேசும். அது எந்தக் கணக்குல வரும்?

அருள்முருகன்: ...அப்படி யோசிக்கலக்கா.

நர்மதா: எப்படி யோசிப்ப? ஒனக்கு விடை வந்தாப் போதும். மீதி எவ தலையில விழுந்தா ஒனக்கென்ன.

அருள்முருகன்: குத்தாத. என்ன பண்ணணும்னு சொல்லு.

நர்மதா: போனை எடு. ஸ்பீக்கர்ல போடு.

அருள்முருகன்: அவங்க அப்பாவுக்கா?

நர்மதா: அவளுக்கு.

அருள்முருகன்: அலங்காரத்துல இருப்பாங்க... எடுக்க மாட்டாங்க...

நர்மதா: போடுடா!

தமிழ்மொழி: ஹலோ... சொல்லுங்க. எங்க வந்துட்டீங்க?

அருள்முருகன்: நான்... அரும்பாவூர் பஸ் ஸ்டாப்புலதாங்க இருக்கேன்.

தமிழ்மொழி: இன்னுமா?

அருள்முருகன்: ஒரு விஷயம் சொல்லணும். நான் கவர்மென்ட் வாத்தியார் இல்லைங்க. டியூஷன் சென்டர்ல கணக்கு எடுக்கிறேன். தரகர் பொய் சொன்னாரு. நான் மறுத்துச் சொல்லல. கேக்குதுங்களா?

தமிழ்மொழி: கேக்குது. உங்க அக்கா நேத்தே சொல்லிட்டாங்க.

அருள்முருகன்: அக்கா!

நர்மதா: என்னை ஏண்டா முறைக்கிற? அவகிட்டப் பேசு.

அருள்முருகன்: தெரிஞ்சுமா... தெரிஞ்சும் உங்க அப்பாகிட்ட சொல்லாம, பூ வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?

தமிழ்மொழி: டியூஷன் வாத்தியார் வேணாம்னா நேத்தே நிறுத்தியிருப்பேன். பஸ் ஸ்டாப்புல ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிறவர் வேணுமான்னுதான் இப்ப யோசிக்கிறேன். வாங்க... வந்து எங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல நின்னு பாக்கணும்.