ஓடைக்கு மேலே

அமாவாசைக்கு மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு நடுவயதுத் தம்பதி. மலைக்கோயிலுக்கு நடந்து போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“நான் ஓடைக்கரையிலயே ஒதுங்கிட்டேன். கழுவத் தோதா இருந்துச்சு,” என்றார் கணவர்.

மனைவி திரும்பிப் பார்த்தார். “தண்ணியை விட்டுத் தள்ளிப் போய், குழி தோண்டி மூடத் தெரியாதா? பூனை கூட மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போவுது.”

“ஓடுற தண்ணிதான. அடிச்சிட்டுப் போயிரும்.”

“எங்க போவும்?”

“கீழதான்.”

“உங்க அம்மாவுக்கு மூலிகைத் தண்ணின்னு பாட்டில்ல பிடிச்சீயளே, அது எங்க பிடிச்சது?”

“அதுக்கும் கீழ. பாறைக்கிட்ட.”

மனைவி பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவர் மடியில் வைத்தார். “அத்தைக்குக் குடுக்கறதுக்கு முன்னால நீங்க ஒரு மடக்குக் குடிங்க.”

அவர் மூடியைத் திறக்கவில்லை. பாட்டிலை மெதுவாகச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

“இதையும் அடுத்தவன் எடுத்துக் குடிக்கட்டும்னு விட்டுட்டு வாரீயளா?”

அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். ராஜபாளையத்தில் இறங்கும்போது அந்தப் பாட்டிலைத் தன் சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார்.