பதினாறிலிருந்து இருபத்திரண்டு வரை

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, ஆய்வகத் தோழர்களே, காக்கிச் சட்டையோடு நேரே இங்கே வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நம் தடய அறிவியல் ஆய்வகத்தின் முதுநிலை ஆய்வாளர் போன வாரம் இறந்துபோனார். மாரடைப்பு. நாற்காலியில் அவருடைய வெள்ளைக் கோட்டு இன்னும் தொங்குகிறது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

நாம் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கூடக்குறைய அக்கா. எதைக் கேட்டாலும் அந்தச் சொல் வரும். இரவு எப்போது வீடு திரும்புவாய் என்று கணவர் கேட்பாராம். "ஏழு மணி. கூடக்குறைய ஒரு மணி நேரம்." கணவர் நேற்று என்னிடம் சொன்னார்: "கூடத்தாம்மா ஆகும். குறைஞ்சதே இல்ல."

சிரியுங்கள். அக்காவும் சிரித்திருப்பார்.

அவர் செய்த வேலை என்ன? ஒரு துளி ரத்தம் வரும். யாருடையது என்று தெரியாது. அந்த ஆளுக்கு என்ன வயது என்று அக்கா சொல்வார். நமக்கு வயது ஏற ஏற, டி.என்.ஏ.வின் மேல் சிறுசிறு வேதிக் குறிகள் சில இடங்களில் கூடுகின்றன, சில இடங்களில் குறைகின்றன. அவற்றை அளந்தால் வயது தெரியும். ஏறத்தாழத் தெரியும். அந்த 'ஏறத்தாழ'வை விட்டுவிட்டு அவர் ஓர் அறிக்கையிலும் கையெழுத்திட்டதில்லை.

தவறே செய்யாதவரா? செய்தார். ஒரு பேருந்துப் பணிமனையில் நடந்த குற்றம். அங்கே கிடைத்த கோப்பையின் விளிம்பில் கறை. ரத்தம் என்று எண்ணி, ரத்தத்துக்கான கணக்கைப் போட்டார். முப்பதை ஒட்டிய வயது வந்தது. காவலர்கள் அந்தப் பணிமனையின் இளைஞர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார்கள். பிறகுதான் அக்கா கவனித்தார்: கறையில் பெரும்பகுதி எச்சில். எச்சிலுக்குக் கணக்கு வேறு. மறுபடி போட்டால் ஐம்பதுக்கு மேல்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். காவல் நிலையத்துக்கு நேரிலேயே போனார். நானும் உடன் போனேன்.

"என்னம்மா, போன வாரம் முப்பதுன்னீங்க, இப்ப அம்பதுங்கிறீங்க. அடுத்த வாரம் ஆளு பென்ஷன் வாங்கிடுவானா?" என்றார் அதிகாரி.

"தப்பு என்னோடது சார். திட்டுறத அப்புறம் திட்டுங்க. முதல்ல அந்தப் பசங்கள வீட்டுக்கு அனுப்புங்க."

அனுப்பும்வரை நின்றார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

அதன்பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தார். புதிதாக யார் சேர்ந்தாலும் தங்கள் எச்சிலையே எடுத்து, வேண்டுமென்றே ரத்தக் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது நான் சேர்ந்து சில வாரங்கள்தான்; முதல் ஆளாக எனக்கே அந்தக் கணக்கு நடந்தது. அந்தத் தப்புக் கணக்கு முதியவரை இளையவராகவும் காட்டும், இளையவரை முதியவராகவும் காட்டும்; எனக்கு என் வயதைவிட ஒரு தலைமுறை கூடுதலாக வந்தது. "வாங்க பெரியம்மா, மூட்டுவலி எப்படி இருக்கு?" என்றார். மாதக்கணக்கில் நான் பெரியம்மா. சிரித்தோம். ஆனால் தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவே எவ்வளவு தெளிவாகத் தோன்றும் என்பதை என் உடம்பே எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இனி அவருடைய கடைசி அறிக்கை. வழக்கின் விவரம் பேச எனக்கு உரிமையில்லை. இவ்வளவு சொல்லலாம்: குற்றம் சாட்டப்பட்ட, வயதுக்கு ஆவணம் எதுவும் இல்லாத ஒரு பெண். தனக்குப் பதினேழு என்கிறாள். பதினெட்டு ஆகவில்லை என்றால் அவள் தம்பி இருக்கும் காப்பகத்துக்குப் போவாள். ஆகிவிட்டது என்றால் சிறைக்கு. அக்காவின் கணக்கில் நடுவே வந்த எண் பத்தொன்பது. இரு பக்கமும் பிழையைச் சேர்த்தால், பதினாறிலிருந்து இருபத்திரண்டு வரை.

இயக்குநர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்று ஆய்வகத்தில் என் கண்முன் அவருக்கும் அக்காவுக்கும் நடந்த பேச்சு இது.

"பத்தொன்பதுன்னு போட்டா என்னம்மா? மெஷினே சொல்லுதே."

"மெஷின் முழுசாச் சொல்லுது சார். நீங்கதான் பாதிய எழுதச் சொல்றீங்க."

"கோர்ட்டுல உங்களக் கிழிகிழின்னு கிழிப்பாங்க."

"கிழிக்கட்டும், தைச்சுக்கலாம். அந்தப் பொண்ண உள்ள தள்ளிட்டா எதை வச்சுத் தைக்கிறது?"

இயக்குநர் எழுந்து போய்விட்டார். அக்கா முழுதாக எழுதினார். கையெழுத்திட்டார். சாட்சி சொல்லத்தான் இல்லாமல் போய்விட்டார்.

நண்பர்களே! யார் பெரிய அறிவியலாளர்? தெரிந்ததைச் சொல்கிறவர் எங்கும் இருக்கிறார். தனக்கு எதுவரை தெரியும் என்று சொல்கிறவர்? அந்த எல்லையில் ஒரு பெண் நிற்கும்போது, அவளைத் தள்ளிவிடாமல் கூடவே நிற்கிறவர்?

அவர் பணியைத் தொடர்வோம் என்று இதுபோன்ற கூட்டங்களில் சொல்வது வழக்கம். எனக்கு அது நாளைக்கே. அக்காவுக்குப் பதிலாக நீதிமன்றத்தில் நான் நிற்க வேண்டும். "பத்தொன்பதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். நேற்று மாலை இயக்குநர் அவர்களும் என்னைக் கூப்பிட்டு, "நீயாவது ஒரு நம்பரச் சொல்லிட்டு வாம்மா" என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது சொல்கிறேன். பதினாறிலிருந்து இருபத்திரண்டு வரை. அதற்குமேல் எங்களுக்குத் தெரியாது. நாளை இதைத்தான் சொல்வேன்.

இத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள். இனி என்னால் மாற்றிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் மேடை ஏறினேன்.