மூணாம் ஓலை

காபியெல்லாம் வேணாம் ஃபாதர், எட்டு மணிப் பூசைக்கு நீங்க கெளம்பறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன். இன்னிக்குப் பூசையில எங்க பொண்ணு நோரா கல்யாண அறிவிப்பு, மூணாம் ஓலை வாசிக்கப்போறீங்கல்ல, அது விஷயமாத்தான். ஐயோ, பேர்லல்லாம் தப்பு இல்ல. மாப்பிள்ளை ஆஸ்டின், வேளச்சேரி கோயில் பங்கு, எல்லாம் சரியாத்தான் இருக்கு.

தங்கமான புள்ளை ஃபாதர். அவன்மேல ஒரு குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். எங்க பொண்ணுதான் ஆறு மாசமா ஒரு மாதிரி இருக்கா. ஸ்கூல்ல பாடம் எடுக்கிறவ, லஸ்ல பஸ் ஏறப்போனா முடியலம்மான்னு திரும்பி வந்துடுவா. அடையார்ல ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டினோம். மனசுக்கு மாத்திரை குடுத்து, நீங்களா நிறுத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்க. நான்தான் நிச்சயம் ஆன மறுநாளே புடுங்கி வெச்சிட்டேன். கல்யாணப் பொண்ணு கைப்பையில அதை மாமியார் பாத்தா என்ன ஆவறது? கழுத்துல தாலி ஏறினா எல்லாம் பறந்துடும்டின்னேன்.

எங்க பறந்துது? தி.நகர்ல பிளவுஸ் தைக்கிற நஸ்ருன்னிசா, இவ இளைக்க இளைக்க கல்யாண பிளவுஸை ரெண்டு தடவை பிடிச்சுக் குடுத்தாச்சு. இதுக்குமேல பிடிச்சா கையே தூக்க முடியாது, மொதல்ல பொண்ணுக்குச் சோறு போடுங்கன்னு என்னைத்தான் திட்டினாங்க. போன ஞாயித்துக்கிழமை நோராவுக்கும் ஆஸ்டினுக்கும் கல்யாணம்னு நீங்க வாசிச்சப்போ கோயிலே திரும்பிப் பாத்துச்சுல்ல, இவ கல்லு மாதிரி உக்காந்திருந்தா. தொடையில கிள்ளி, சிரிடின்னேன். சிரிச்சா ஃபாதர். பெத்தவ செய்யற வேலையா அது?

எங்க வீட்டு பாத்ரூம் குழாய் ஓடிக்கினே இருக்கும். கதவைத் தாப்பாப் போட்டுக்குவா, பக்கெட் நெறஞ்சு வழியும். எங்க வீட்டுக்காரரு, லாரித் தண்ணி என்ன ஓசியிலயா வருதுன்னு கத்துவாரு. இன்னிக்குக் காலையில அந்தக் கத்தல் தாங்காம நான் போய் வால்வை மூடிட்டேன். தண்ணி நின்னுடுச்சு. உள்ள அவ அழுவுறது கேட்டுச்சு. அவருக்கும் கேட்டுச்சு. பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டாரு.

எனக்கு முன்னாடியே தெரியும் ஃபாதர். தெரியாம இருக்குமா? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதுசுலேர்ந்து அதே குழாயைத் தொறந்து வெச்சிக்கினு அழுதவதானே நான். எனக்குச் சுத்தம் ஜாஸ்தின்னு அவரு இன்னிய வரைக்கும் நெனச்சிக்கினு இருக்காரு. அடிக்கிறதா? சேச்சே, நல்ல மனுஷன். அதான் யார்கிட்டயும் வாயைத் தொறக்க முடியல.

அவ வெளியே வந்து, அம்மா, கல்யாணம் ஆனா இது போயிடும்லன்னு கேட்டா. எப்பக் கேட்டாலும் ஆமான்னு சொல்ற வாய் இது. இன்னிக்கு வரல. உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமான்னு இன்னிக்குத்தான் மொத தடவையாக் கேட்டேன். இப்ப வேணாம்மான்னா. நாளைக்கு அந்த டாக்டரம்மாகிட்டயே திரும்பக் கூட்டிட்டுப் போறேன்.

மணி அடிச்சிட்டாங்க, கெளம்புங்க. தடை ஏதாவது தெரிஞ்சவங்க பங்குத்தந்தைகிட்ட தெரிவிக்கணும்னு ரெண்டு வாரமா வாசிக்கிறீங்கல்ல? அதுக்குத்தான் வந்தேன். இன்னிக்கு அந்த ஓலையை வாசிக்காதீங்க. யாரு தடை சொன்னதுன்னு எங்க வீட்டுக்காரரு வந்து கேட்டா மறைக்க வேணாம் ஃபாதர். பொண்ணோட அம்மான்னு சொல்லிடுங்க.