ஒரே பாட்டிலில் இரண்டு கிணறு

கொண்டாப்பூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் ஒரு பாட்டில் தண்ணீர்; அதற்குள் ஏதோ பொடிப்பொடியாக நீந்திக்கொண்டிருந்தது.

“அதுங்க பிரிஞ்சு பல லட்சம் வருஷம். நீங்க அஞ்சு நிமிஷத்துல சேர்த்து வச்சுட்டீங்க” என்றாள் அவனிடம்.

“ரெண்டு கிணத்துலயும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு? வெள்ளையா, கண்ணில்லாம, பொடி இறால் மாதிரி. எதுக்கு ரெண்டு பாட்டில்னு நினைச்சேன்.”

“அந்தக் கிணறுகளுக்கு நடுவுல, பூமிக்குள்ள பாறைச் சுவர் இருக்கு. அது எழும்பின நாள்லேருந்து ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு பார்த்ததே இல்ல. மரபணுவே தனித்தனியா மாறிடுச்சு.”

“கண்ணே இல்லாம எப்படிப் பார்க்கும்?”

“பேசாதீங்க. இனிமே ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணித்தான் எது எந்தக் கிணறுன்னு நான் பிரிக்கணும். ஒரு மாச வேலை.”

“அடுத்த ஞாயிறும் உதவிக்கு வரவா?”

“நக்கோ! நீங்க வரவே வேணாம்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் பையை எடுத்து இருவருக்கும் நடுவே வைத்தாள்.

“இதுதான் பாறை.”

“எத்தனை லட்சம் வருஷத்துக்கு?”

“கொண்டாப்பூர் வர்ற வரைக்கும்.”

அவன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். சிக்னலில் பஸ் வெகுநேரமாக அசையவே இல்லை.

“அதுக்குள்ள நாமளே வேற வேற இனமா மாறிடுவோம்.”