தலைவர் முதலில் இறங்குவார்

ஐயா,

அன்று எங்கள் வரவேற்பறையில் இருந்தவர்கள்: செற்றியில், வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில், தலைவர் ஞானேந்திரன். அவருக்கு எதிரே சாய்வுக் கதிரையில் பொருளாளர் கிறகரி. யன்னலோரம் மடக்குக் கதிரையில் உறுப்பினர் அருமைநாதன். கதவுக்குக் கிட்ட, சாப்பாட்டு மேசையில், செயலாளராகிய நான். என் மனைவி புஷ்பராணி குசினி வாசலில் நின்றார். அவர் உறுப்பினர் அல்ல.

ஞானேந்திரன் எங்கள் படியில் சறுக்கி விழுந்த மறுநாள் பொலிசிலிருந்து நீங்கள் விசாரிக்க வந்தீர்கள். பெயர்களை எழுதிக்கொண்டீர்கள், யார் எங்கே இருந்தார் என்று கேட்கவில்லை. சாவகச்சேரியில் படித்தவனுக்கு அப்படி அரைகுறையாக விட்டுவிட மனம் வராது. தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பிரெஞ்சில் எழுதினால் பிழை வரும். இது பிழை வரக்கூடாத விடயம்.

எங்கள் வாள் சேகரிப்போர் சங்கம் 2004இல் தொடங்கியது. ஜெர்மன் இராணுவ அதிகாரிகள் அணிவகுப்புக்கு இடுப்பில் தொங்கவிட்ட அலங்கார வாள்கள் மட்டும்தான். அவற்றால் வெண்டிக்காய்கூட வெட்ட முடியாது. தமிழனுக்கு ஏன் ஜெர்மன் வாள் என்று பலர் கேட்டார்கள். மொன்றியலில் ஊர்ச் சண்டையைப் பற்றிக் கதைத்த சங்கங்கள் எல்லாம் இரண்டாய் உடைந்தன. இது எங்களில் ஒருவருக்கும் பங்கில்லாத சண்டை. தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிம்மதியாகக் கதைக்கலாம்.

"நாலு பேருக்கு ஒரு சங்கம். மூண்டு பேர் பதவியில. அருமைநாதன் அண்ணைதான் பாவம், அவர் ஒராள் பொதுமக்கள்," என்பார் புஷ்பராணி.

ஒரு வாளின் மதிப்பு, கைப்பிடியை ஒட்டி அலகில் இருக்கும் செய்தவர் முத்திரையில்தான். அணில், வீரனின் தலை, தராசு என்று பட்டறைக்குப் பட்டறை வேறு. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தால் யார் செய்தது, எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். கர்க்லாண்டில் தன் வீட்டுக்கு அயலில், ஒரு முற்ற விற்பனையில் தலைவர் வாங்கிய வாளில் இருந்ததோ எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒற்றைக் காலில் ஒரு நாரை, அதன் வாயில் ஒரு சாவி. குத்தியது அல்ல, அமிலத்தால் மெலிதாக அரித்து வரைந்தது. அலகில் துருப்பிடித்த கறளுக்கு அடியில் அதைக் கண்டவன் நான். தலைவர் அதைக் கோழி என்றார்.

யாரும் அறியாத ஒரு பட்டறை, ஐயா. முத்திரைமேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஜெர்மனியில் வரும் சேகரிப்போர் சஞ்சிகைக்கு எழுதினேன். பிரதி போதாது, ஆள் அனுப்புகிறோம், வாளையே காட்டுங்கள், உண்மையானால் உங்கள் பெயரிலேயே வெளியிடுவோம் என்று பதில் வந்தது. இரண்டு இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

வாளை வாங்கிவரக் கர்க்லாண்டுக்குப் போனேன். அன்று சரஸ்வதி பூசை.

"வாரும் பேரின்பநாதன், மினுங்குறதைப் பாரும்," என்றார் தலைவர். "என்ர மனிசி சீதேவி புளியும் தேசிக்காயும் போட்டு, இரும்புத் தும்பால ஒரு பின்னேரம் முழுக்க விளக்கினவ. கறளோட சாமிக்கு முன்னால வைக்கேலாதெண்டு நான்தான் சொன்னனான்."

சந்தனப் பொட்டை ஒதுக்கி விரலால் தடவினேன். அலகு கண்ணாடிபோல் இருந்தது.

"கோழியையே தேடுறீர்? அது ஊத்தையோட போயிட்டுது. விடும், பேந்து வேறயொண்டு பாப்பம்."

அவலும் கடலையும் தந்தார்கள். சாப்பிட்டேன். நல்ல கடலை.

விளக்கியது சீதேவி அக்கா. ஆனால் ஒரு சங்கத்தில் நடப்பதற்குத் தலைவர்தான் பொறுப்பு. பெண்களோடு கோபிக்கிற ஆள் அல்ல நான்.

அடுத்த கூட்டத்தில் சங்க யாப்புக்கு, அதாவது எங்கள் விதிகளுக்கு, திருத்தம் ஒன்றை முன்வைத்தேன். கூட்டம் முடிந்ததும் தலைவர் முதலில் படியிறங்குவார். அவர் தெருவை அடைந்த பின்பே மற்றவர்கள் எழும்பலாம். "இப்பதான் இது சங்கம் மாதிரிக் கிடக்கு," என்று ஞானேந்திரன் பூரித்துப்போனார். கிறகரி வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. நான் எதையும் தன்னிச்சையாகச் செய்யவில்லை என்று காட்டவே இதைக் குறிப்பிடுகிறேன்.

பிறகு குளிருக்காகக் காத்திருந்தேன். எங்கள் வீடு இரண்டாம் மாடி. வெளியே செங்குத்தான இரும்புப் படி, நீங்கள் பார்த்ததுதான். தை மாதக் கூட்டத்தில் கிறகரி கணக்கறிக்கை வாசிக்கத் தொடங்கியதும், குப்பை வைத்துவிட்டு வருகிறேன் என்று எழும்பிப்போய், மேற்படிகளில் தண்ணீர் ஊற்றினேன். பனி உருகப் படியில் தூவும் உப்புப் பையை உள்ளே எடுத்து வைத்தேன். கிறகரியின் அறிக்கைகள் நீளமானவை. முடிவதற்குள் படி நன்றாக உறைந்திருந்தது.

தலைவர் விடைபெற்றார். பலகாரப் பொதியைக் கொடுக்கப் புஷ்பராணி பின்னால் ஓடினார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சட்டம் இருக்கு."

"உங்கட சட்டமும் நீங்களும். மனிசன் வெறுங்கையோட போறார்."

சத்தம் கேட்டது. தலைவர் தெருவை அடைந்தார் என்று குறிப்பில் எழுதினேன். மற்றவர்கள் எழும்பினார்கள்.

விபத்து என்று நீங்கள் முடிவு செய்ததில் எனக்கு ஆட்சேபனை இருக்கவில்லை. அப்படியே இருந்திருக்கும். ஆனால் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் வந்தது. 'எவரும் அறியாத வாள் முத்திரையை உலகுக்குக் கண்டு தந்த மேதை' என்று கிறகரி எழுதியிருக்கிறார். பக்கத்தில் நினைவிலிருந்து வரைந்த படம். கோழி. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

யோசித்துப் பாருங்கள். கண்டுபிடித்தவர் அவரென்றால் அதைத் தேய்த்து விளக்கச் சொல்லியிருப்பாரா? விளக்காவிட்டால் நான் ஏன் படியில் தண்ணீர் ஊற்ற வேண்டும்? ஆகவே ஞானேந்திரனைக் கொன்றவன் நான் என்பதுதான், முத்திரையைக் கண்டவன் நான் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி. உங்கள் அறிக்கையில் அதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். மொழிபெயர்ப்பவரிடமும் சொல்லுங்கள்: நாரை.

"ஆருக்குக் கடிதம்?" என்று புஷ்பராணி கேட்கிறார். சங்க அலுவல் என்றேன். "தலைவர் போயிட்டார், இன்னும் என்ன சங்கம்," என்கிறார். அவருக்கு யாப்புத் தெரியாது.

இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றையும் பென்சில் பிரதியையும் சஞ்சிகைக்கான உறையில் வைத்து ஒட்டிவிட்டேன். உங்களுடையதையும் இப்போது ஒட்டப்போகிறேன். ஜெர்மனிக்குப் போவது பதிவுத் தபால். அது தொலையக் கூடாது. உங்களுடையது சாதாரணத் தபால்தான். பிந்தினாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
வே. பேரின்பநாதன்
செயலாளர்