மாப்பிள்ளைக்கு அணு உலையில் வேலை

மாலையில் கோவில்பட்டியிலிருந்து புதூர் செல்லும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள். இளையவள் ஆரம்பித்தாள்.

“எம்மவளைக் கேட்டு வந்த மாப்பிள்ளைக்கு அணு உலையில வேலையாம் மதினி. வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன்.”

“ஏட்டி, அதுவும் கரண்டு எடுக்குத எடந்தானே?”

“கரண்டு நம்மூருக்கு வெளக்கா வந்துச்சு. அணுன்னா பள்ளிக்கூடத்துல மொதல்ல குண்டுன்னுதான சொல்லித் தந்தாவ? ஊரே எரிஞ்ச அந்தப் படம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.”

“தெனமும் தீக்குச்சி மருந்துக்குப் பக்கத்துல உக்காருதியே, அது?”

“அது பழகிப்போச்சுல்லா.”

“மக என்ன சொல்லுதா?”

“அவளுக்கு அவனைப் பிடிச்சிருக்கு. அவன் அம்மாதான் யோசிக்காவளாம். தீப்பெட்டி ஆபீஸ் இருக்க ஊர்ல பொண்ணெடுக்கப் பயமா இருக்காம்.” இளையவளுக்குக் குரல் உயர்ந்தது. “இங்கன அப்படி என்ன பயத்தைக் கண்டாவ?”