வாசலுக்கு வெளியே நின்று சர்வரைச் சோதித்த எங்கள் அக்காவுக்கு

கல்லூரிக் கணினி மையத்தின் கண்ணே, கருத்தே, கண்டிப்பே! "எல்லாருக்கும் திறக்குதா?" என்று கேட்டுக் கேட்டே எங்கள் உயிரை எடுத்த அன்பே! மாணவர்கள் செல்லமாய் 'சர்வர் அக்கா' என்றழைக்கும் மூத்த பொறியாளரே! பணிநிறைவு பெறும் தங்களை மனமாரப் போற்றி, வாயாரப் புகழ வந்து நிற்கிறோம்.

இணையவழிப் பாடங்களைத் தாங்கும் சர்வரின் அமைப்பில் ஒரு வரியை மாற்றினாலும் தங்களுக்கு இருப்புக்கொள்ளாது. அலுவலக வைஃபையை அணைத்து, கேட்டைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தில் நின்று, வீட்டிலிருக்கும் மாணவிக்குத் திறப்பதுபோல் கைப்பேசியில் பாடப்பக்கம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே வேலை முடிந்தது என்பீர்கள். வெயிலில் இதென்ன வேண்டுதலா என்று நாங்கள் கேலி பேசியதுண்டு.

முதல் இணையவழித் தேர்வன்று அந்தக் கேலி அடங்கியது. தேர்வு தொடங்கும் நேரத்தில் மூச்சு வாங்க ஓடிவந்து, "சார், வெளியில திறக்கல. கொஞ்சம் தள்ளி வைங்க" என்றீர்கள்.

"எனக்கு நல்லாத்தானே திறக்குது?" என்றார் முதல்வர்.

"நீங்க உள்ள உக்காந்திருக்கீங்க சார். பரீட்சை எழுதுற பிள்ளைங்க வெளிய இருக்காங்க."

கல்லூரியின் இணைய வலையமைப்புக்குள் இருப்போரை மட்டும் அனுமதிக்கும் வரி ஒன்று, சோதனைக்காகச் சேர்த்தது, நீக்கப்படாமல் கிடந்தது. யார் வேலை இது என்று முதல்வர் சீறினார். "நான்தான் போட்டேன், எடுக்க மறந்துட்டேன்" என்று சொன்ன வாய் மூடுமுன் தங்கள் கை அதை நீக்கியிருந்தது. தேர்வு தாமதமானது, ஒரு பிள்ளையும் விடுபடவில்லை.

பெருமைக்குரியவரே, பிடிவாதக்காரரே! வரும் திங்கட்கிழமை எல்லாப் பாடங்களும் புதிய சர்வருக்கு மாறுகின்றன. அன்றைய இறுதித் தேர்வும் அதில்தான். தாங்கள் இல்லாமல் அது தாக்குப்பிடிக்குமா என்று முதல்வருக்குப் பயம். மறைப்பானேன், எங்களுக்கும்தான். சர்வருக்குள் நுழையும் உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினோம். இன்று காலை தங்கள் கணக்கைத் தங்கள் கையாலேயே நீக்கிவிட்டீர்கள்.

"நான் உள்ள நுழைய வழி இருந்தா கூப்பிடுவீங்க. கூப்பிட்டா நானும் ஓடி வந்துடுவேன். அப்புறம் நீங்க எப்பப் பழகுறது?"

எங்களுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தோம். எங்களைப் பழக்கியவர் தாங்கள். அந்த வேலையில் மட்டும் அரைகுறை இருக்குமா என்ன?

குன்றாத உடல்நலமும் குறையாத மகிழ்வும் கூடி, நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாய்த் தூங்கி, நெடுங்காலம் வாழ்க அக்கா! திங்கட்கிழமை எங்களிடமிருந்து தங்களுக்கு அழைப்பு வராது. அதை எங்கள் கைதட்டலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
கணினி மையப் பணியாளர்கள்